மேப் பெரிசு, வழி ஒண்ணுதான்!

(பட்டிமன்றத் தலைப்பு: 'குற்ற உலக வீடியோ கேம்களில் விளையாடுபவர் எஜமானா? எடுபிடியா?' – 'எடுபிடியே' என்ற அணியில் ஆற்றிய உரை)

அறிவார்ந்த நடுவர் அவர்களே! என் அணியின் தோழர்களே! இன்றைக்குத் தோற்றாலும் எங்களோடு ஒரே வேனில்தான் ஊருக்குத் திரும்ப வேண்டிய எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்திலும், வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, கல்லூரிப் பிள்ளைகளே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, உங்களுக்குத் தொல்காப்பியம் தெரியும். ஜி.டி.ஏ. தெரியுமா?" என்றார். தம்பி! முப்பது வருஷமாகக் கல்லூரியிலே பாடம் நடத்துகிறேன். கடைசி பெஞ்சிலே என்ன விளையாட்டு நடக்கிறது என்று தெரியாமல் ஒரு வாத்தியாரம்மா முப்பது வருஷம் ஓட்ட முடியுமா? (சிரிப்பு, கைதட்டல்)

சரி, அரங்கத்திலே இருக்கிற பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்று ஒரு வீடியோ கேம். பிள்ளைகள் சுருக்கமாக ஜி.டி.ஏ. என்பார்கள். பெயரிலேயே திருட்டு இருக்கிறது. கார் திருட்டு! அதிலே ஒரு பெரிய ஊர். ரோடு, கடல், மலை, பாலம், கடைத்தெரு எல்லாம் உண்டு. உங்கள் கையிலே ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, 'போ, எங்கே வேண்டுமானாலும் போ' என்று விட்டுவிடுவார்கள். இதற்குத் 'திறந்த உலகம்' என்று பெயர். அந்த வரிசையிலே 2013-ல் வந்த ஐந்தாவது விளையாட்டு மட்டும் உலகம் முழுக்க 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. நாங்கள் பட்டிமன்றம் பேசிப் புத்தகம் போட்டால் ஆயிரம் பிரதி விற்க ஆடி, ஆவணி ஆகிறது. (சிரிப்பு)

எதிரணி என்ன சொல்லுகிறது? "அந்த ஊரிலே நான் நினைத்த காரில் ஏறலாம், நினைத்த தெருவிலே போகலாம், கோல்ஃப் ஆடலாம், விமானம் ஓட்டலாம், சும்மா கடற்கரையிலே உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கலாம். நான்தான் எஜமான்" என்கிறார்கள். நான் மறுக்கவில்லை நடுவர் அவர்களே. அத்தனையும் உண்மை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அது வேலை இல்லாத நேரத்துச் சங்கதி. வேலை ஆரம்பித்தால் என்ன ஆகிறது? 'மிஷன்' என்று ஒன்று தொடங்கினால் என்ன ஆகிறது? அதைப் பற்றி எதிரணியிலே மூன்று பேரும் வாயே திறக்கவில்லையே, ஏன்?

எங்கள் வீட்டிலே நடக்கிற கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். எங்க வீட்டுக்காரர் பெரிய ஜனநாயகவாதி. "சமையல்கட்டு உன் ராஜ்யம். உனக்கு முழுச் சுதந்திரம். என்ன வேணும்னாலும் சமை" என்பார். ரொம்ப சந்தோஷம். ஆனால் காலையிலே எட்டு மணிக்கு இட்லி இருக்கணும். இட்லிக்குச் சட்னி இருக்கணும். சட்னி தேங்காய்ச் சட்னியாக இருக்கணும். (பலத்த சிரிப்பு) சமையல்கட்டு திறந்த உலகம். எட்டு மணி இட்லி மிஷன்! (கைதட்டல்)

(நடுவர்: அம்மா, அவர் டி.வி. பார்த்துக்கிட்டிருப்பாரே...)

பார்க்கட்டும் ஐயா. நாளைக்கு உப்புமா. (சிரிப்பு)

விளையாட்டுக்கு வருகிறேன். மிஷன் தொடங்கினதும் மேப்பிலே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் மேலேதான் போகணும். 'இந்தக் காரில் ஏறு' என்று எழுத்து வரும். வேறு காரில் ஏறினால் 'முதலில் அந்தக் காரில் ஏறு' என்று மறுபடியும் வரும். கூட வருகிற ஆளை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போனால் 'மிஷன் தோல்வி'. துரத்துகிற காரைத் தவறவிட்டால் தோல்வி. ரொம்ப நெருங்கிப் போனால் 'உன்னைப் பார்த்துவிட்டான்', அதுவும் தோல்வி. எட்டிப் போனாலும் தப்பு, கிட்டே போனாலும் தப்பு. மாமியார் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் நிலைமைதான்! (சிரிப்பு)

ஆனால் ஆரம்பத்திலேயே இப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். இந்த வரிசையின் முதல் விளையாட்டு 1997-ல் வந்தது. செய்தவர்கள் ஸ்காட்லாந்திலே டண்டீ என்ற ஊரைச் சேர்ந்த டி.எம்.ஏ. டிசைன் நிறுவனத்தார். முதலிலே அது கார்ப் பந்தயமும் துரத்தலும் கொண்ட ஒரு சாதாரண விளையாட்டாகத்தான் தொடங்கியது. செய்யும்போது நடந்த ஒரு பிழையினாலே போலீஸ் கார்கள் வெறி பிடித்த மாதிரி ஆட்டக்காரன் மேலே வந்து மோத ஆரம்பித்தனவாம். 'அடடா, இது நன்றாக இருக்கிறதே' என்று அதை வளர்த்தார்கள் என்று செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த முதல் விளையாட்டிலே என்ன விதி? இத்தனை புள்ளி சேர்த்தால் அடுத்த ஊர். அவ்வளவுதான். தெருவிலே பொதுத் தொலைபேசி மணி அடிக்கும். எடுத்தால் ஒரு வேலை சொல்வான். செய்தால் புள்ளி நிறைய வரும். வேலை கெட்டுப் போனாலும் ஆட்டம் நின்று போகாது. வேறு வழியிலே புள்ளி சேர்த்துக் கொள்ளலாம். முதலாளி 'வேலை முடியணும்' என்பான். 'இப்படித்தான் முடியணும்' என்று சொல்ல மாட்டான்.

அடுத்து 2001. மூன்றாவது விளையாட்டு. லிபர்ட்டி சிட்டி என்ற கற்பனை ஊர். அதிலே சால்வத்தோரே என்று ஒரு மாஃபியா தலைவன். அவன் லூய்ஜி என்பவனுடைய கிளப்பிலிருந்து புறப்பட்டு வீட்டுக்குப் போகிறான். வீடு போய்ச் சேர்வதற்குள் அவனை முடிக்க வேண்டும். எப்படி என்று விளையாட்டு சொல்லாது. ஒருத்தன் தூரத்திலே இருந்து குறி பார்த்துச் சுடுவான். ஒருத்தன் லாரியைக் குறுக்கே நிறுத்தி வழியை மறிப்பான். ஒருத்தன் அவன் வீட்டு வாசலிலேயே போய்க் காத்திருப்பான். காரியம் கெட்ட காரியம். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அங்கே ஆடுகிறவனுக்கு மூளைக்கு வேலை இருந்தது. ஊரைத் தெரிந்து வைத்திருந்தால் பயன் இருந்தது. தெருவும் சந்தும் அவனுக்குக் கருவியாக இருந்தன.

மூன்று வருஷம் தள்ளி 2004. சான் ஆண்ட்ரியாஸ். அதிலே ஒரு ரயில் மிஷன். நடுவர் அவர்களே, இதைச் சொன்னவுடனே அங்கே பின்வரிசையிலே நாலு பையன்கள் தலையிலே கையை வைக்கிறார்கள் பாருங்கள்! (சிரிப்பு, கைதட்டல்) உங்களுக்கு மோட்டார் சைக்கிள். பின்னாலே பிக் ஸ்மோக் என்று ஒரு கனத்த உடம்புக்காரன். ஓடுகிற ரயிலின் கூரைமேல் எதிரிகள் நிற்கிறார்கள். நீங்கள் ரயிலுக்குப் பக்கத்திலேயே வண்டி ஓட்டணும். அவன் சுடுவான். அவன் குறி தவறினால் திட்டு உங்களுக்கு! 'ரயில் பின்னால் போகக்கூடத் தெரியாதா' என்கிற அர்த்தத்திலே திட்டுவான். உலகம் முழுக்க ஒரு தலைமுறையே அந்தத் திட்டை வாங்கியிருக்கிறது. (சிரிப்பு) கையிலே துப்பாக்கி வைத்திருக்கிறவன் தப்பு செய்வான். வண்டி ஓட்டுகிறவன் ஏச்சு வாங்குவான். இதற்குப் பெயர் எஜமானா? டிரைவர் ஐயா, டிரைவர்! (கைதட்டல்)

ஏன் இப்படி ஆயிற்று? விளையாட்டு செய்கிறவர்கள் எல்லாம் கெட்டவர்களா? இல்லை. காரணம் இருக்கிறது. கதை வளர வளரக் கட்டு இறுகியது. 1997-ல் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பொம்மைக்காரைத் தலைக்கு மேலே இருந்து பார்க்கிற ஆட்டம். போகப் போக நடிகர்கள் வந்தார்கள். வசனம் பேசினார்கள். உடம்பிலே கருவியைக் கட்டி அசைவுகளைப் பதிவு செய்தார்கள். 2018-ல் 'ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2' வந்தபோது, அதிலே ஐந்து லட்சம் வரி வசனம், மூன்று லட்சம் அசைவுகள் என்று அதை எழுதியவர்களில் ஒருவரான டான் ஹவுசர் சொன்னார். அத்தனை செலவு செய்து வசனம் எழுதியவன் என்ன நினைப்பான்? 'இந்த இடத்திலே இந்த வசனம் காதிலே விழணும். இந்தக் குதிரை அந்தக் குதிரைக்குப் பக்கத்திலேயே போகணும்' என்றுதான் நினைப்பான். ஆடுகிறவன் குதிரையைத் தட்டி முன்னாலே போய்விட்டால் வசனம் அந்தரத்திலே நிற்கும். அதனாலே கட்டுகிறார்கள். கல்யாண வீட்டு வீடியோக்காரர் மாதிரி! "மாப்பிள்ளை, இப்படிப் பாருங்க. சிரிங்க. கையைக் கொஞ்சம் தூக்குங்க." கல்யாணம் யாருக்கு? மாப்பிள்ளைக்கா, வீடியோவுக்கா? (சிரிப்பு)

அந்த 2018 விளையாட்டிலே விந்தை என்னவென்றால், உலகம் எவ்வளவு விரிந்ததோ மிஷன் அவ்வளவு குறுகியது. 1899-ம் வருஷத்து அமெரிக்கா. குதிரையைத் தடவிக் கொடுத்தால் அது பழகும். வழியிலே போகிறவருக்கு வணக்கமும் சொல்லலாம், வம்புக்கும் இழுக்கலாம். மான் வேட்டை, மீன் பிடித்தல், முகாமுக்குச் சாப்பாடு. ஒவ்வொன்றும் அப்படி ஒரு நுணுக்கம்! ஆனால் மிஷன் வந்தால், 'இந்தப் பாறைக்குப் பின்னாலே பதுங்கு' என்பான். நீங்கள் புத்தியோடு வேறு பக்கமாகச் சுற்றிப் போனால், 'கூட்டாளிகளை விட்டுவிட்டாய், தோல்வி' என்பான். ஆறு மைல் காட்டைக் கொடுத்துவிட்டு அறுபது அடிக் கயிற்றிலே கட்டுகிற வித்தை இது.

இப்போது எதிரணித் தலைவர் எழுந்து சொல்வார்: "ஐந்தாவது விளையாட்டிலே கொள்ளைக்குத் திட்டம் போடும்போது தேர்வு இருக்கிறதே! நகைக்கடையைச் சத்தமாகக் கொள்ளையடிக்கலாம், புகை விட்டு மயக்கியும் கொள்ளையடிக்கலாம். கூட வருகிற ஆளையும் தேர்ந்தெடுக்கலாம். திறமைசாலி என்றால் பங்கு அதிகம், கற்றுக்குட்டி என்றால் பங்கு குறைவு." உண்மைதான். நல்ல யோசனைதான். ஆனால் ஐயா, ஓட்டலிலே 'இட்லியா, தோசையா' என்று கேட்பது தேர்வு. சாப்பாட்டுக்கடைக்குப் போவதா வேண்டாமா என்பதும் ஒரு தேர்வு இல்லையா? 'கொள்ளையே வேண்டாம், கிளம்புகிறேன்' என்று சொல்ல அங்கே வழி உண்டா? இல்லை. அறுபதுக்கு மேற்பட்ட மிஷன்களைச் சொன்னபடி கேட்டு முடித்த பிறகு, கடைசியிலே ஒரே ஒரு இடத்திலே, 'இவனைக் கொல்வாயா, அவனைக் கொல்வாயா, இரண்டு பேரையும் காப்பாற்றச் சாகத் துணிவாயா' என்று மூன்று வழி காட்டுகிறார்கள். வருஷம் முழுக்க வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு, ஆண்டு விழா அன்றைக்கு 'ரெண்டு வார்த்தை பேசும்மா' என்கிற மாதிரி! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, சிரித்தது போதும். இனிமேல்தான் என் கட்சியின் உயிர் இருக்கிறது.

என் தங்கை மகன் கணினிப் பொறியியல் படித்தவன், இருபத்திரண்டு வயது. வயதைச் சொல்லக் காரணம், இந்த விளையாட்டின் அட்டையிலேயே ஐரோப்பாவில் '18' என்று போட்டுத்தான் விற்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்கிற பெற்றோர் அதைக் கவனிக்க வேண்டும். இந்தத் தலைப்பு கிடைத்ததும் அவனிடம் போய், "எனக்கு ஆடிக் காட்டுடா" என்றேன். அவன் ஒரு மிஷனைக் காட்டினான். ஐந்தாவது விளையாட்டிலே வருவது. அரசாங்க உளவு அதிகாரி ஒருவன் ஒரு மனிதனைப் பிடித்து நாற்காலியிலே கட்டி வைத்திருக்கிறான். கட்டப்பட்டவன், "நான் எல்லாம் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்" என்று அழுகிறான். 'கேட்க வேண்டாம், முதலில் அடி' என்கிறான் அதிகாரி. சித்திரவதை செய்ய வேண்டிய பாத்திரம் டிரெவர். டிரெவரை ஆட்டுகிறவர் நீங்கள். பக்கத்திலே கருவிகள் வைத்திருக்கிறது. இடுக்கி, ஸ்பானர், கார் பேட்டரி, தண்ணீர் கேன். எதை எடுப்பது என்பது உங்கள் விருப்பம்!

நான் கேட்டேன்: "தம்பி, இந்த ஆளை அவிழ்த்து விட எந்தப் பட்டன்?"

அவன் என்னைப் பார்த்தான். "அப்படி ஒரு பட்டன் கிடையாது பெரியம்மா."

"சரி, 'நான் செய்ய மாட்டேன்'னு எழுந்து வெளியே போக?"

"அதுவும் இல்லை பெரியம்மா. செய்தாத்தான் கதை நகரும்."

(அமைதி)

நடுவர் அவர்களே, அந்த ஊரிலே ரோட்டில் போகிற யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். அதற்குச் சுதந்திரம் இருக்கிறது. ஒருவனை அடிக்காமல் இருக்கச் சுதந்திரம் இல்லை! சுதந்திரத்தின் முதல் சொல் எது? 'செய்வேன்' என்பதா? இல்லை. 'மாட்டேன்' என்பதுதான். குழந்தை முதன்முதலில் தனக்கென்று ஒரு மனசு இருக்கிறது என்று காட்டுவது எப்போது? வாயை இறுக மூடிக்கொண்டு 'மாத்தேன்' என்று தலையை ஆட்டுகிறதே, அப்போதுதான்! அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மற்ற ஆயிரம் சொல்லைக் கொடுத்தால் அவன் எஜமானா? (பலத்த கைதட்டல்)

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பாண்டியன் யோசிக்காமல் கட்டளை போட்டுவிட்டான். கோவலனைக் கொல்லக் காவலர்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் என்ன செய்தார்கள்? தயங்கினார்கள்! இந்த மனிதனைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்றார்கள். பொற்கொல்லன் நின்று, திருடர்களின் தந்திரத்தையெல்லாம் நீட்டி முழக்கி அவர்களைக் கரைக்க வேண்டியிருந்தது. அப்படியும் கடைசியிலே வாளை வீசியவன் குடிவெறியில் இருந்த ஒருவன். கதையின் முடிவு இளங்கோவடிகளுக்குத் தெரியும். கோவலன் சாகத்தான் போகிறான். ஆனாலும், கட்டளையை நிறைவேற்ற வந்த கூலிக் காவலனுக்குக்கூட ஒரு நிமிஷம் தயங்க இடம் கொடுத்தார் அந்தக் கவிஞர். பெரிய ஊரையே கட்டிக் கொடுத்தவர்கள், அந்த ஊரின் எஜமான் என்று நம்மைச் சொல்கிறவர்கள், அந்தத் தயக்கத்துக்கு ஒரு பட்டன் வைக்கவில்லையே! அந்தக் காவலனுக்கு இருந்தது எனக்கு இல்லை என்றால், நான் எஜமான் இல்லை, எடுபிடிக்கும் கீழே! (நீண்ட கைதட்டல்)

எதிரணி சொல்லும்: "அது நையாண்டி அம்மா. பிறகு டிரெவரே அந்த மனிதனைக் காரில் ஏற்றி விமான நிலையத்திலே கொண்டு விடுகிறான். சித்திரவதையினாலே எந்தப் பயனும் இல்லை என்று அவனே பேசுகிறானே." பேசுகிறான், ஒப்புக்கொள்கிறேன். நல்ல பேச்சு. ஆனால் அந்த இரக்கமும் அவனுடையது. கொடுமை செய்தபோதும் என்னைக் கேட்கவில்லை. இரக்கப்பட்டபோதும் என்னைக் கேட்கவில்லை. பாவத்திலும் பங்கு இல்லை, புண்ணியத்திலும் பங்கு இல்லை. பட்டனை அமுக்கின கட்டைவிரல் வலி மட்டும் எனக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

மிஷனுக்கு வெளியே இருக்கிற சுதந்திரத்தையும் கொஞ்சம் உரைத்துப் பார்ப்போம். ஊரிலே அட்டகாசம் செய்தால் நட்சத்திரம் ஏறும். போலீஸ் வரும். என்ன செய்வான் நம் ஆள்? ஒரு கடையிலே நுழைந்து காருக்கு வேறு பெயிண்ட் அடிப்பான். போலீஸ் மறந்துவிடும்! நம்ம ஊரிலே ஹெல்மெட் போடாமல் போனால்கூட மறக்க மாட்டேன் என்கிறார்களே! (சிரிப்பு) சுட்டுக் கொன்றால்? ஆஸ்பத்திரி வாசலிலே எழுந்து நிற்பான். கொஞ்சம் பணம் பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். நேற்று அடிபட்டுச் செத்த தெருவிலே இன்றைக்கு ஒரு சுவடு இல்லை.

ஆக, நிலைமை என்ன? மிஷனுக்கு வெளியே என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் செய்த எதற்கும் அர்த்தம் இல்லை. மிஷனுக்கு உள்ளே எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருக்கிறது. ஆனால் எதையும் நாமாகச் செய்ய முடியாது. விளைவு இருக்கிற இடத்திலே உரிமை இல்லை. உரிமை இருக்கிற இடத்திலே விளைவு இல்லை. இதைச் சுதந்திரம் என்று சொன்னால், பெட்டிக்குள்ளே பொம்மைப் பணம் வைத்திருக்கிற பிள்ளை கோடீஸ்வரன்! (கைதட்டல்)

"கதை என்றால் கட்டு இருக்கத்தானே செய்யும்? பாரதக் கூத்திலே அபிமன்யு சாவான் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் விடிய விடிய உட்கார்ந்து அழுகிறோமே" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் கூத்துக்காரர் நம்மைப் பார்த்து, 'நீதான் துரோணர், நீயே சக்கர வியூகத்தைப் போடு' என்று சொல்வதில்லை. 'நீ பார், நீ அழு' என்கிறார். இந்த விளையாட்டு மட்டும்தான் 'நீ, நீ' என்று நம் கையைப் பிடித்துச் செய்ய வைக்கிறது.

கையைப் பிடித்துச் செய்ய வைப்பதிலும் ஒரு கலை உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையான வழக்காளி இல்லை. அதே 'ரெட் டெட்' இரண்டாம் பாகத்திலே ஆர்தர் மார்கன் என்று ஒரு கொள்ளைக்காரன். கடன் வசூலிக்கப் போகிறான். கடன்காரர் தாமஸ் டவுன்ஸ், நோயாளி, ஏழை விவசாயி. அவரை அடிக்க வேண்டும். தவிர்க்க முடியாது. அவர் இருமுகிறார். ரத்தம் ஆர்தர் முகத்திலே தெறிக்கிறது. வெகுநாள் கழித்து டாக்டர் சொல்கிறார், உனக்குக் காசநோய் என்று. அடித்த கையே தன் சாவை வாங்கி வந்திருக்கிறது! கதை என்ற முறையிலே நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது யாருடைய பெருமை? எழுதினவனுடைய பெருமை. ஆடினவன் அங்கேயும் எடுபிடிதான்.

ஆனால் பாருங்கள், அதே விளையாட்டிலே பின்னாலே ஒரு இடம் வருகிறது. சாவு தெரிந்துவிட்ட ஆர்தர் மறுபடியும் கடன் வசூலிக்கப் போகிறான். அங்கே கேட்கிறார்கள்: வாங்குகிறாயா, மன்னித்து விடுகிறாயா? மன்னித்தால் பணம் போகும். ஆனாலும் மன்னிக்கலாம். நடுவர் அவர்களே, ஆறு மைல் காட்டிலே இல்லாத சுதந்திரம் அந்த ஒரு பட்டனிலே இருக்கிறது. ஏன்? அங்கே தேர்வும் இருக்கிறது, விலையும் இருக்கிறது. எதிரணி இதை எடுத்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கஷ்டம். பேசவில்லை, நானே பேசிவிட்டேன். (சிரிப்பு)

ஊர் சின்னதாக இருந்தால்கூடச் சுதந்திரம் பெரிதாக இருக்கலாம் என்பதற்கும் சாட்சி உண்டு. டென்மார்க்கிலே கோபன்ஹேகன் நகரத்து நிறுவனம் 2016-ல் 'ஹிட்மேன்' என்று ஒன்றைச் செய்தது. கூலிக் கொலைகாரன் கதைதான். பாரிஸ் நகரத்திலே ஒரே ஒரு மாளிகை. அங்கே ஒரு ஃபேஷன் ஷோ. வேலை இன்னது என்று சொல்லிவிடுகிறார்கள். சமையல்காரன் வேஷத்திலே போவாயா, மேடையிலே நடக்கிற மாடல் வேஷத்திலே போவாயா, சரவிளக்கை அறுத்து விடுவாயா, அது உன் பாடு. திட்டம் கெட்டுப் போனாலும் உடனே 'தோல்வி' என்று திரை கறுக்காது. சமாளித்துப் பார் என்று விட்டுவிடுவார்கள். அளவு முக்கியம் இல்லை ஐயா. வீடு எத்தனை சதுர அடி என்பதிலே இல்லை சுதந்திரம். உள்ளே மூச்சு விட முடிகிறதா என்பதிலே இருக்கிறது. (கைதட்டல்)

இன்னொரு செய்தி. இந்த ஐந்தாவது விளையாட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தாங்களாகவே ஒன்று கண்டுபிடித்தார்கள். 'ரோல்பிளே' என்கிறார்கள். பல பேர் ஒரே ஊருக்குள் சேருவார்கள். ஒருத்தர் போலீஸ், ஒருத்தர் மெக்கானிக், ஒருத்தர் டாக்சி டிரைவர், ஒருத்தர் டாக்டர். நிறுவனம் எழுதின மிஷன் எதுவும் கிடையாது. தமிழிலேயும் ஆடுகிறார்கள். இடித்துவிட்டுப் போனால் வழக்கு வரும், அபராதம் வரும், ஊர் பேசும். நிறுவனமே இதன் மதிப்பைப் பார்த்து, 2023-ல் அதற்கான மென்பொருளைச் செய்து வந்த குழுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. எதிரணி கேட்கும்: "விதியே வேண்டாம் என்றவர்கள் விதியைத் தேடிப் போகிறார்களே?" அதுதான் ஐயா என் வாதம்! நான் விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தாங்களே கூடிப் பேசி ஏற்றுக்கொண்ட விதிக்குள் நடப்பவன் குடிமகன். எவனோ எழுதின கோட்டிலே நடப்பவன் எடுபிடி. அந்தப் பிள்ளைகள் எடுபிடி வேலையை விட்டுவிட்டுக் குடிமகனாகப் போயிருக்கிறார்கள். எஜமானாக இருந்திருந்தால் ஏன் போகிறார்கள்? (பலத்த கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. மணிக்கு நான் கட்டுப்பட்டவள். இங்கேயும் மிஷன்தான்! (சிரிப்பு)

இது வெறும் விளையாட்டுச் சங்கதி என்று விட்டுவிடலாமா? என்னிடம் பி.ஏ. தமிழ் படித்த ஒரு பிள்ளை இன்றைக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்க்கிறான். வேலைக்குச் சேரும்போது, 'நீங்களே உங்கள் முதலாளி, எப்போது வேண்டுமானாலும் வேலை செய்யலாம்' என்றார்களாம். போன் திரையிலே ஊர் முழுக்க விரிந்து கிடக்கிறது. அதன் மேலே ஒரு கோடு. பக்கத்திலே ஓடுகிற கடிகாரம். கோட்டை விட்டு விலகினால் கேள்வி. நேரம் தப்பினால் நட்சத்திரம் குறையும். எனக்கு அதைப் பார்த்ததும் பகீர் என்றது. இந்தத் திரையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே! அங்கே தோற்றால் ஆஸ்பத்திரி வாசலிலே எழுந்து நின்றுவிடலாம். இவன் மழையிலே வழுக்கி விழுந்தால் எழுப்ப எந்தப் பட்டன் இருக்கிறது?

'உனக்கு எல்லாம் திறந்திருக்கிறது' என்று யார் சொன்னாலும், பிள்ளைகளே, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'மாட்டேன் என்று சொல்ல இடம் இருக்கிறதா?' இருந்தால் நீ எஜமான். இல்லாவிட்டால் மேப் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, மலை இருந்தால் என்ன, கடல் இருந்தால் என்ன, நீ எடுபிடிதான். விளையாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நன்றாகச் செய்யப்பட்ட விளையாட்டைக் கேட்டு வாங்குங்கள். உங்களைக் கேட்கிற விளையாட்டைக் கேளுங்கள்.

ஆகவே நடுவர் அவர்களே, மேப்பின் அளவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், கோட்டின் இறுக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். குற்ற உலக வீடியோ கேம்களிலே விளையாடுபவர் எடுபிடியே, எடுபிடியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)